மிளகாய்க்கு வைத்த பெயர்

கோபக்கார அம்மணிக்கு,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. புது மிளகாய் ரகத்தின் பதிவு விண்ணப்பம் மேசையில் இருக்கிறது. நான்கு மணிக்குக் கூரியர்காரர் வருவார், உறையை ஒட்டிக் கொடுத்துவிடு.

நேற்று, "எரியிற மிளகாய்க்கு வைக்க உலகத்துல என் பேருதான் கிடைச்சுதா?" என்று கத்தினாயே, அதற்குப் பதில் இது. பெயர் ஒருமுறை பதிவானால் பிறகு யாராலும் மாற்ற முடியாது. அதனால் அந்தக் கட்டத்தை மட்டும் பென்சிலால் நிரப்பியிருக்கிறேன். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு "வரிசை 47" என்று எழுது. பண்ணையில் மற்றவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

காரத்துக்காக வைத்த பெயர் இல்லை. அளந்து பார்த்தோம், காரம் நடுத்தரம்தான். நான் காய்ச்சலில் கிடந்து, நீ வேலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடிய அந்தக் கோடையில், வெயில் தாங்காமல் மற்ற வரிசையெல்லாம் பூவை உதிர்த்துவிட்டது. வெயில் கூடினால் மிளகாய்ச் செடி முதலில் பூவைத்தான் கைவிடும். உடம்பு தேறி வயலுக்குப் போனேன். இது ஒன்றில் மட்டும் கொத்துக் கொத்தாய்க் காய். அப்போது தானாக வாயில் வந்த பேர்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடு.

பி.கு.: ரப்பர் சின்னவளின் பையில் இருக்கிறது. எடுத்து மேசையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.