நான்கு முறை அவஸ்தை பூசப்பட்ட அப்பாவுக்கு

அப்பா,

இன்று காலை நம் தெருவில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். உபதேசியார் முன்னால் மணியை ஆட்டிக்கொண்டு நடந்தார். சாமியார் நற்கருணையை மார்போடு அணைத்தபடி பின்னால் வந்தார். சாகக் கிடக்கும் கோடி வீட்டுத் தாத்தாவுக்குக் கடைசி எண்ணெயான அவஸ்தை பூசப் போகிறார்கள் என்று அம்மா சொன்னாள். தெருவில் எல்லாரும் முழந்தாளிட்டார்கள். நானும் வாசற்படியில் முழந்தாளிட்டேன். மணிச் சத்தம் நம் வீட்டைக் கடக்கும்போது என் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல்நுனிகள் மரத்துப்போயின. இழுத்த மூச்சு தொண்டையோடு நின்றுவிட்டது. இதோ, செத்துப்போகிறேன் என்று நினைத்தேன். உங்கள் முகத்தில் அத்தனை தடவை வெளியே நின்று பார்த்ததை இன்று உள்ளேயிருந்து பார்த்தேன்.

இது முதல் தடவை அல்ல. ஆறாவது. இரண்டு தடவை கணக்கு வகுப்பில் வந்தது. ஒரு தடவை பூசை நேரத்தில், மற்ற இரண்டும் வீட்டில், புத்தகத்தை மடியில் வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தபோது. யாரிடமும் சொல்லவில்லை. இன்று பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். கட்டுரை நோட்டின் பின்பக்கத்தில் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பயந்துபோவீர்களோ என்று யோசிக்காமல் எழுதக்கூடிய ஒரே ஆள் இப்போது நீங்கள்தான்.

உங்களுக்கு முதல் தடவை வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் அது. உங்கள் ஆபீசில் லீவு கிடைக்காததால் நாம் சாந்தோமிலேயே இருந்தோம். ஒரு மத்தியானம் ஒத்திகைக்காக அபாயச் சங்கு ஊதினார்கள். ஒத்திகை என்று முந்தின நாளே எல்லாருக்கும் தெரியும். நீங்கள்கூட அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். சங்கு ஓய்ந்து கால் மணி நேரம் ஆன பிறகு, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தீர்கள். முகம் சாம்பலாகிவிட்டது. சட்டை முழுதும் வியர்வை. "மேரி, நான் போறேன்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள்.

வேறு வீடாக இருந்தால் டாக்டரைத் தேடி ஓடியிருப்பார்கள். அம்மா கோயிலுக்கு ஓடினாள். பாவமன்னிப்பு இல்லாமல் ஒரு ஆத்துமா போய்விடக் கூடாது என்பதுதான் அவளுக்குப் பெரிய கவலை. சாமியார் வந்தார். மந்திரித்த ஒலிவ எண்ணெயைத் தொட்டு உங்கள் கண்கள், காதுகள், மூக்கு, உதடுகள், கைகள், பாதங்கள் என்று ஒவ்வொன்றாகச் சிலுவை வரைந்தார். பூசிய இடத்தைப் பஞ்சால் துடைத்தார். அக்கம்பக்கத்தார் வந்து மரித்தோருக்கான ஜெபத்தை எந்த நேரமும் தொடங்கலாம் என்பதுபோல் நின்றார்கள். ஒரு மணி நேரத்தில் நீங்கள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டீர்கள்.

புதுமை, ஆண்டவர் செய்த அற்புதம் என்று அம்மா அழுதாள். மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே புதுமை நடந்தது. அதற்கடுத்த நாள் காலையில் நீங்கள் வாசலில் நின்று மீன் வாங்கினீர்கள். மீன்கார ஞானம்மா கூடையை இறக்கிவிட்டு உங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா சார், நேத்து எண்ணெ பூசிகினே, இன்னிக்கு வஞ்சிரம் கேக்குறே?"

"உன் மீனைத் திங்காம போக மனசு வரல, ஞானம்மா."

"அப்ப இன்னும் ரெண்டு துண்டு சேத்து வாங்கிக்க. மறுபடி எப்போ பூசுவாங்களோ, யாரு கண்டா."

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். மீன் தட்டை உள்ளே வைத்ததும் நீங்கள் உங்கள் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டதை நான் மட்டும்தான் பார்த்தேன். சிரித்தவர்கள் உங்களை சீக்கிரமே கல்லறைக்குப் போகிறவராகத்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவை எண்ணெய் பூசும்போதும் நீங்கள் இன்னும் கொஞ்சம் நம்பினீர்கள், அடுத்தது நிஜம் என்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு வைத்தியப் புத்தகத்தைக் கொண்டுவந்து மறைத்துப் படித்தேன். படபடப்பு என்று தேடினால் இருதயத்தில் ஆரம்பித்து ஈரல்வரை எல்லா வியாதியும் உங்களுக்குப் பொருந்தியது. நாற்பது பக்கம் தாண்டியதும் எல்லாம் எனக்கும் பொருந்த ஆரம்பித்தது. கடைசி அத்தியாயம் மனக்கோளாறுகள் பற்றியது. தலைப்பைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். நம் தெருவில் அந்த வியாதிக்கு ஒரே ஒரு பெயர்தான், கீழ்ப்பாக்கம். அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போன ஒருவர் திரும்பி வந்தாலும் அவர் வீட்டுப் பெண்ணை யாரும் கேட்டு வர மாட்டார்கள். அப்பாவுக்கு இருதய நோயாகவே இருக்கட்டும் என்று அன்று ஜெபித்தேன். அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் செருப்பைக் கவனித்தேன். புதுச் செருப்பின் அடி இரண்டே மாதத்தில் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. டிராமில் ஆபீசுக்குப் போய் வருகிறவர் செருப்பு இப்படித் தேயுமா? வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவும் கிளம்பினீர்கள். ஒருநாள் பள்ளிக்குப் போகும் வழியில், லஸ் முனையில், டிராமில் ஏறிய நீங்கள் அது நகர்ந்ததுமே குதித்து இறங்கி ஒரு கடைச் சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் நிமிர்ந்தீர்கள்.

"அம்மாகிட்ட சொல்லாதே, லூர்து."

"அப்ப ஆபீசுக்கு எப்படிப்பா போறீங்க?"

"பீச் ரோட்டோட நடந்துடுவேன். காத்து நல்லா இருக்கும்."

உங்கள் ஆபீஸ் இருந்த கோட்டைவரை நாலு மைல். அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

மூன்றாம் தடவை அவஸ்தை பூச வந்த சாமியார் எண்ணெயைத் துடைத்துவிட்டு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரே வியாதி தீராமல் இருக்கும்போது அவஸ்தையை இரண்டாம் தரம் பூசக் கூடாது என்பது திருச்சபைச் சட்டமாம். குணமாகி மறுபடியும் விழுந்தால்தான் பூசலாம்.

"இவருக்கு வியாதி தீர்ந்து தீர்ந்து வருதா, இல்ல தீராம அப்படியே இருக்குதா? எனக்குத் தெரியணும்மா. டாக்டர்கிட்டக் காட்டி, இன்ன வியாதின்னு கேட்டுட்டு வரச் சொல்லு. அதுவரைக்கும் நான் எண்ணெய்ச் சிமிழைத் திறக்க மாட்டேன்."

சாமியார் போட்ட அந்தக் கணக்கில்தான் நீங்கள் டாக்டரிடம் போனீர்கள். தனியாகப் போகப் பயந்து என்னைத் துணைக்கு அழைத்தீர்கள். லஸ் பக்கம் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் வைத்தியம் பார்த்தார். நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். நாடி பார்த்தார். கணுக்காலை அழுத்திப் பார்த்தார். பிறகு கேள்விகள்.

"எப்போ வர்றது? நடக்கச்சேயா, உக்காந்துண்டிருக்கச்சேயா?"

"அப்படி நேரம் காலம் ஒண்ணும் இல்லீங்க."

"ஆபீசுக்கு எப்படிப் போறேள்?"

"டிராம்லதான்."

பொய் சொன்னால் தப்பான மருந்து கொடுத்துவிடுவாரே என்று பயம். நிஜத்தைச் சொன்னால் உங்களுக்குத் துரோகம். "இல்லீங்க டாக்டர்," என்றேன். "அப்பா நடந்துதான் போறாங்க. நாலு மைல். வரும்போதும் நடைதான்."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தீர்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நடக்கறச்சே நெஞ்சு ஏதாவது பண்றதா?"

"இல்லீங்க."

"டிராம்ல?"

நீங்கள் மறுபடியும் காலண்டரைப் பார்த்தீர்கள். அவர் உங்களை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் குழாயை வைத்துக் கேட்டார்.

"என்னைவிட நன்னா ஏறறேள். கெட்டுப்போன இருதயம் ஏறச்சே தகராறு பண்ணும், உக்காந்தா அடங்கும். உங்களுக்குத் தலைகீழா இருக்கு. இது பயத்தினால வர்றது, சார்."

"நான் எதுக்கும் பயந்த ஆள் இல்லீங்க."

"சங்கு ஊதறச்சே எல்லாருக்கும் உடம்பு ஓடத் தயாராறது. நெஞ்சு வேகமா அடிக்கும், வேர்க்கும், கை மரத்துப்போகும். உங்க உடம்பு சங்கு ஊதாதப்பவும் தயாராயிடறது. அதைப் பாத்து நீங்க சாவுன்னு பயப்படறேள். பயந்ததும் அது இன்னும் ஜாஸ்தியாறது. வியாதி இல்லேன்னு நான் சொல்லலை. வியாதிதான். ஆனா இதுல உயிர் போகாது."

நீங்கள் மெதுவாக, நான் கேட்கக் கூடாது என்பதுபோல் கேட்டீர்கள்: "கீழ்ப்பாக்கம் போகணுங்களா?"

"எதுக்கு? டிராம்ல போங்கோ. முதல் நாள் ஒரு ஸ்டாப்பிங், அப்புறம் ரெண்டு. பயம் வந்தாலும் இறங்காம உக்காந்திருங்கோ. தானா அடங்கும்."

திரும்பி வரும்போது கச்சேரி ரோட்டில் சட்டென்று நின்றீர்கள். மருந்துக்கடையில் ஒரு டானிக் பாட்டில் வாங்கினீர்கள். டாக்டர் டானிக் எழுதியே தரவில்லை.

"அம்மாகிட்ட ரத்தம் கம்மின்னு சொல்லு."

"ஏம்பா?"

"நெஞ்சு நோவுன்னா நாலு பேர் பாக்க வருவாங்க, லூர்து. பயம்னா யாரும்மா வருவாங்க?"

நானும் ரத்தம் கம்மி என்றுதான் சொன்னேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யை ஒப்புக்கொண்டபோது எதற்காக என்று மட்டும் சொல்லவில்லை. இரண்டு நாள் நீங்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், சனிக்கிழமை, நூலகத்துக்குக் கூட்டிப்போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னை டிராமுக்கு அழைத்துப் போனீர்கள்.

ஒரே ஒரு ஸ்டாப்பிங். கண்டக்டர் உங்களைப் பார்த்து, "இன்னா சார், ஏறுனதும் இறங்குறே, வண்டி புடிக்கலியா?" என்றார். அடுத்த சனிக்கிழமை இரண்டு. கம்பியைப் பிடித்த உங்கள் விரல்கள் வெளுத்துப்போகும்.

"லூர்து, வருது."

"வரட்டும்பா. உக்காருங்க."

கொஞ்ச தூரம் போகும். "போயிடுச்சா?"

"இன்னும் இல்ல."

"இப்ப?"

"கொஞ்சம்."

மழைக்காலத்துக்கு முன்னால் மவுண்ட் ரோடு வரை போய்விட்டோம். அங்கே இறங்கி எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தீர்கள். அந்த மாதங்களில் அவஸ்தை பூச யாரும் வரவில்லை. டானிக் நல்ல டானிக் என்று அம்மா அடுத்த வீட்டுக்கெல்லாம் சிபாரிசு செய்தாள்.

அப்புறம் அந்த விஷ ஜுரம். இருபது நாள். அதே டாக்டர் வந்து பார்த்தார். இந்தத் தடவை அவர் ஒன்றும் விளக்கவில்லை. அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் உங்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். "நெஞ்சு படபடக்கல, லூர்து," என்றீர்கள். "அமைதியா இருக்குது. அதான் இது நிஜம்னு தெரியுது." ஆறுதலுக்காகச் சொன்னீர்களா, வேடிக்கையாகச் சொன்னீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான்காம் தடவை பூசிய எண்ணெய் காய்வதற்குள் போய்விட்டீர்கள்.

இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன், அப்பா. அம்மா கோயிலிலிருந்து வந்துவிட்டாள். அரிசி களைந்துகொண்டிருந்தாள். அடுக்களை வாசலில் போய் நின்றேன். அவள் உடனே கோயிலுக்கு ஓடினால்? மணி நம் வீட்டு வாசலில் வந்து நின்றால்? தெரு முழுதும் முழந்தாளிட்டு, அப்பனைப் போலவே மகளும் என்று பேசினால்? இல்லை, இது உங்களுடையது மாதிரியே இல்லாமல் நிஜமாகவே புத்தி கலங்குகிறதாக இருந்தால்? கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"அம்மா, எனக்கு நெஞ்சு படபடன்னு வருது. அப்பாவுக்கு வந்த மாதிரி. ஆறு தடவை வந்துடுச்சு."

அம்மா கையை உதறவில்லை. அரிசித் தண்ணீர் அவள் முழங்கையிலிருந்து சொட்டியது.

"ரத்தக்குறைவா?"

"இல்லம்மா. அப்பாவுக்கும் ரத்தக்குறைவு இல்ல. அது பயம். டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. நாங்க ரெண்டு பேரும் உங்கிட்ட மறைச்சுட்டோம்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பக்கத்துல உக்காந்திருப்பேனே. நான்பாட்டுக்கு ஒவ்வொரு தடவையும் சாமியாரைக் கூப்பிட்டு, சாவு வந்துடுச்சு சாவு வந்துடுச்சுன்னு உங்கப்பாவுக்குக் காட்டிக்கிட்டே இருந்திருக்கேனே."

இப்படி அவள் அழுது நான் பார்த்ததில்லை, உங்கள் அடக்கத்தன்றுகூட. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தலையை வாரிக்கோ. அந்த டாக்டர் வீடு உனக்குத் தெரியுமில்ல?" என்றாள். "உள்ள நானும் வருவேன். வெளியில நிக்கச் சொல்லாதே."

அவள் புடவை மாற்றுகிற நேரத்தில் இதை எழுதுகிறேன். டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குச் சொன்னதையே சொல்வார் என்று நம்புகிறேன். வேறு எதையாவது சொல்லிவிடுவாரோ என்று அதைவிட அதிகமாகப் பயப்படுகிறேன். ஆனாலும் அவர் கேட்பதற்கெல்லாம் அம்மா முன்னாலேயே பதில் சொல்லப் போகிறேன். உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. கை மரத்துப்போகிறது. ஒவ்வொரு தடவையும் செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. உங்களிடமிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது இதுதான், அப்பா. நீங்கள் இதைக் கோட்டைவரை தனியாகச் சுமந்து நடந்தீர்கள். என்னால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

அம்மா கதவைப் பூட்டச் சாவியைத் தேடுகிறாள். கிளம்புகிறேன்.

உங்கள் மகள்,
லூர்து