பட்டாசுக் கம்பெனியில் மூச்சு வகுப்பு

மதினி,

உங்களுக்கு இருந்தது மனஅழுத்தம் இல்லை. அப்படிச் சொன்னவன் ஒன்றும் தெரியாமல் சொன்னான். அதை நம்புவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. அதனால் நீங்கள் செத்துப்போனீர்கள்.

இன்று காலை, சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு உங்கள் கம்பெனியிலிருந்து ஒருவன் சிடி கொண்டுவந்தான். அடுத்த வருடக் காலண்டர் ஆர்டர். வழக்கமாகச் சாமி படமோ குழந்தை படமோ கேட்பவர்கள், இந்த முறை ‘உடல் நலம், மன நலம்’ என்று கேட்டிருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு படம், அதன் கீழே இன்டர்நெட்டிலிருந்து எடுத்த ஒரு வாசகம். ஜனவரிக்கு எலுமிச்சைச் சாறு. பிப்ரவரிக்குச் சூரிய உதயம். மார்ச்சைத் திறந்தேன். நீங்கள்.

கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறீர்கள். கீழே நான் அடிக்க வேண்டிய வாசகம்: ‘மனம் திறந்து சிரியுங்கள். ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குறையும்.’

கொண்டுவந்தவனுக்கு நீங்கள் யாரென்று தெரியாது. “மொகத்த வெளிச்சமாக்கணும்ணே. கன்னத்துல சாம்பலா ஒட்டியிருக்குல்ல, அத எடுத்துரணும்” என்றான். அது சாம்பல் இல்லை, அலுமினியப் பொடி. இன்னொரு திருத்தமும் சொன்னான். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மற்றதை எழுத முடியாது.

அந்தப் பொடியோடுதான் தினமும் சாயங்காலம் வேனிலிருந்து இறங்குவீர்கள். முடியில் பொடி, இமையில் பொடி, சேலை மடிப்பில் கந்தக வாடை. “பாருங்க கொழுந்தனாரே, உங்க அண்ணன் வாங்கித் தராத வெள்ளியெல்லாம் தலையில சொமந்துட்டு வாரேன்” என்பீர்கள். அண்ணன் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருப்பான். அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிக்க வீட்டில் நான்தான் இருப்பேன்.

போன வருடம் சித்திரைக்குப் பிறகுதான் நீங்கள் இளைக்க ஆரம்பித்தீர்கள். சாப்பாடு குறையவில்லை, கூடியது. “சட்டிச் சோத்தையும் நாந்தான் திங்கேன், சதை மட்டும் வேற எவளுக்கோ போகுது” என்றீர்கள். ஆடிக் காற்றில் எல்லாரும் போர்த்திக்கொண்டு படுத்தால் உங்களுக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது. ஒருநாள் என் கையைப் பிடித்து உங்கள் மணிக்கட்டில் வைத்தீர்கள். “உங்க பிரஸ் மெஷின் எதையும் எனக்குள்ள மாட்டி விட்டுட்டீகளா? நிக்கவே மாட்டேங்குதே.” நாடி விரலை உதைத்தது.

வீட்டில் அம்மா சொன்னது ‘மருந்துச் சூடு’. நம் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்து. தலைவலியோ, கருச்சிதைவோ, கண் எரிச்சலோ, எதற்கும் மருந்துச் சூடுதான் காரணம். மோர் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி. இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. விஷத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறு நோயும் வரும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொன்றும் சொன்னீர்கள். கம்பெனிக்குள் உலோகம் ஆகாது என்பதால் தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றோடு போவீர்கள். அந்தக் கயிற்றை இழுத்து விட்டுக்கொண்டே, “இறுக்குது கொழுந்தனாரே. உங்க அண்ணன் லாரியில இருந்துக்கிட்டே முடிச்சப் போடுதாரு போல” என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.

அந்த நேரத்தில்தான் சின்ன முதலாளி பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் கம்பெனியைத் திருத்த வந்திருக்கிறானாம். ஏசி அறையில் உட்கார்ந்து வெப்சைட் வெப்சைட்டாகப் படித்தான். ஸ்ட்ரெஸ்தான் எல்லா நோய்க்கும் வேர், அதைச் செய்வது கார்டிசால் என்ற ஹார்மோன், வாழ்க்கை முறையை மாற்றினால் அது அடங்கும் என்று கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்ததைச் சும்மா வைத்திருப்பானா? சனிக்கிழமைதோறும் உங்களுக்கெல்லாம் வகுப்பு வைத்தான். வேலை நேரத்தில் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்டான்.

இடம், மருந்து அறைக்கு வெளியே சரக்குக் காயப்போடும் களம். காற்றில் பொடி பறக்கிற இடம். அங்கே நிற்க வைத்து, “நல்லா ஆழமா மூச்ச இழுங்க. நிறுத்துங்க. மெதுவா விடுங்க” என்றிருக்கிறான். உங்களோடு மருந்து அடைக்கும் முத்துமாரி இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வர நின்றபோது, “பாருங்க, உள்ள இருக்கிற டென்ஷன் வெளிய வருது” என்றானாம். இதை நீங்கள் நடித்துக் காட்டினீர்கள். அவன் இடுப்பில் கை வைத்து நிற்கும் விதம், கண்ணாடியைத் தள்ளிக்கொள்ளும் விதம் எல்லாம்.

அடுத்த வாரம் செருப்பு இல்லாமல் மண்ணில் நில்லுங்கள், ஸ்ட்ரெஸ் எல்லாம் பூமிக்குள் இறங்கிவிடும் என்றான். யாரிடம் சொல்கிறான்! செருப்பு உரசிப் பொறி வரும் என்று காலையிலேயே அதைக் கேட்டில் கழற்றிப்போட்டுவிட்டு, நாள் முழுக்க வெறுங்காலோடு திரிகிறவர்களிடம். உடம்பில் இருக்கும் கரண்டு இறங்க வாசல் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு அறைக்குள் போகிறவர்களிடம். “அப்படிப் பாத்தா நாங்கல்லாம் இந்நேரம் ஞானியா ஆயிருக்கணுமே” என்றீர்கள். எட்டு மணி நேரம் தூங்கச் சொன்னான். விடியுமுன் வேன் அனுப்புகிறவன் அவன்தான். பால் சேர்க்காத பச்சைத் தேயிலை குடிக்கச் சொன்னான். “கஷாயம்னு சொன்னா நாம குடிக்க மாட்டோம்னு பேர மாத்திட்டான்” என்று முத்துமாரி சொன்னாளாம்.

சிரித்தோம். ஆனால் உங்கள் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. எனக்குச் சோறு போட்டபோது கரண்டி தட்டில் தாளம் போட்டது. பூச்சட்டிக் குழாயில் மருந்து அடைக்கும் கை அது. அழுத்தம் கூடக் கூடாது, உரசக் கூடாது, கீழே விழக் கூடாது. “ஒரே ரூம்புல நாலு பேரு இருக்கோம். என் கை ஆடி ஏதாவது ஆச்சுன்னா, பக்கத்துல இருக்கிற முத்துமாரி கைப்பிள்ளைக்காரி” என்றீர்கள். அன்று நீங்கள் கேலி பேசவில்லை.

மறுநாள் சின்ன முதலாளியிடம் போய்க் கேட்டீர்கள். லேபிள் ஒட்டும் அறைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் மதுரைக்குப் போய் ரத்தம் பார்க்க லீவு கொடுங்கள். இவ்வளவுதான் கேட்டது. அவன் உங்களை உட்காரச் சொல்லி, மென்மையாகப் பேசியிருக்கிறான். மென்மையாகப் பேசுகிறவனை எதிர்த்துக் கத்தவும் முடியாது.

“இது வெறும் கார்டிசால்ம்மா. ரூம் மாறினா பயம் போயிடுமா? பயத்த நேருக்கு நேர் பாக்கணும். டெஸ்ட்டு, ஆஸ்பத்திரின்னு நெகட்டிவா நெனச்சாலே ஹார்மோன் ஏறும். மூச்ச இழுங்க. நிறுத்துங்க. விடுங்க. தீபாவளி ஆர்டர் போகட்டும், லீவு பத்திப் பேசலாம்.”

வீட்டுக்கு வந்து சொன்னீர்கள்: “சீசன் முடியுறதுக்குள்ள நான் முடியாம இருந்தாச் சரி.”

நான் சாத்தூரில் பிரவுசிங் சென்டருக்குப் போய் அவன் படித்ததையெல்லாம் படித்தேன். கார்டிசால் பொய் இல்லை, மதினி. பயந்தால், தூக்கம் கெட்டால், ஓயாமல் விரட்டப்பட்டால் உடம்பு அதைச் சுரக்கத்தான் செய்யும். ஆனால் விரட்டுகிறவனே வந்து, உன் உடம்பு ஏன் சுரக்கிறது என்று குற்றம் சாட்டலாம் என்று அங்கே எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை. அவன் தானாகச் சேர்த்துக்கொண்டது அது. வந்து உங்களிடம் சண்டை போட்டேன், உடனே மதுரைக்குக் கிளம்புங்கள் என்று. “சீசன்ல நின்னா அடுத்த வருசம் கேட்டுக்குள்ள விட மாட்டாங்க. உங்க அண்ணன் வரட்டும்” என்றீர்கள்.

ஐப்பசியில், அண்ணன் வருவதற்கு முன், வேனில் சரிந்தீர்கள். முத்துமாரிதான் மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். மதுரை ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோனேன். அங்கே டாக்டரம்மா உங்கள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கும் முன்னால் கழுத்தில் விரல் வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “எத்தனை மாசமா வீங்கியிருக்கு?”

தைராய்டு. தொண்டையில் இருக்கும் சுரப்பி வெறிபிடித்துச் சுரந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே ரத்தம் பார்த்திருந்தால் மாத்திரையில் அடங்கியிருக்கும், இப்போது இதயம் களைத்துவிட்டது என்றார். ஹார்மோன் என்று அவன் உளறியது தற்செயலாகச் சரிதான். எந்த ஹார்மோன் என்று பார்க்க ஓர் ஊசி ரத்தம் வேண்டியிருந்தது. அவன் உங்களிடம் கேட்டது மூச்சை.

இந்த ஊரில் கம்பெனிக்குப் போகும் பெண் செத்தால் ‘எந்தக் கம்பெனியில வெடி?’ என்றுதான் கேட்பார்கள். நீங்கள் வெடியில் சாகவில்லை. அதனால் யாரும் விசாரிக்கவில்லை, எந்த அதிகாரியும் வரவில்லை. சின்ன முதலாளி மாலையோடு வந்தான். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, “ரொம்ப ஸ்ட்ரெஸ் எடுத்துக்கிட்டாங்க. நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்” என்றான். அண்ணன் அவனுக்கு நன்றி சொன்னான். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தப் படம் எடுத்த அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நீங்களே சொன்னீர்கள். வகுப்புக்குச் சின்ன முதலாளி கேமராக்காரனைக் கூட்டிவந்திருக்கிறான். எல்லாரும் கண்ணை மூடுங்கள், உங்களுக்குள்ளே ஒரு குரல் பேசும், அதைக் கேளுங்கள் என்றானாம். ஒரே அமைதி. அப்போது முத்துமாரியின் வயிறு சத்தமாகக் ‘கொர்ர்’ என்றிருக்கிறது. பாதிச் சாப்பாட்டு நேரத்தை அவன் தின்றதற்கு அவள் வயிறு சொன்ன பதில். அதற்குத்தான் நீங்கள் அப்படிச் சிரித்தீர்கள். ஹார்மோன் குறைய இல்லை, மதினி. அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. அதைத்தான் மார்ச் மாதத்துக்குப் போடச் சொல்கிறான்.

அந்த இன்னொரு திருத்தம். சிடி கொண்டுவந்தவன் திரையில் உங்கள் தொண்டைக்கு நேராக விரலை வைத்தான். “தல சாஞ்சிருக்கதால கழுத்து தடிப்பாத் தெரியுதாம். சின்ன முதலாளி ஒல்லியாக்கச் சொன்னாரு.”

படத்தைப் பெரிதாக்கினேன். மஞ்சள் கயிற்றுக்கு மேலே, வெளிச்சம் விழும் இடத்தில், புடைத்துக்கொண்டு தெரிகிறது. நோயாக அவன் கண்ணில் படாதது, காலண்டருக்கு அசிங்கமாகப் பட்டிருக்கிறது.

இப்போதெல்லாம் வேனில் இருந்து இறங்கும் பெண்களின் கழுத்தைப் பார்க்கிறேன். தப்பாக நினைக்கிறார்கள், “ஏலே, எங்கன பாக்க?” என்று ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். வாங்கிக்கொண்டேன். கயிறு இறுக்குகிறதா என்று கேட்டேன். அது மட்டும்தான் உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது.

மத்தியானம் ஆர்டர் கவரில் இருந்த செல் நம்பருக்கு அச்சகத்திலிருந்தே பேசினேன். சின்ன முதலாளியே எடுத்தான். யாரென்று சொன்னேன். எந்தப் படம் என்று சொன்னேன்.

“என் மதினி படத்த எடு. கழுத்த ஒல்லியாக்க மாட்டேன், பொடியத் தொடைக்க மாட்டேன். காலண்டர்ல அவுக இருக்கக் கூடாது. எடுக்கேன்னு சொல்லு.”

லைன் கட்டாகவில்லை. காதில் வைத்தபடியே நின்றேன். அந்தப் பக்கம் அவன் மூச்சை இழுத்தான். நிறுத்தினான். மெதுவாக விட்டான். மறுபடியும் இழுத்தான்.