மெடலை அனுப்பச் சொல்லி எழுதினேன்

1925 செப்டம்பர் 2, புதன்

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. பிரட்டில் பேர் கூப்பிட்டதோடு ஆட்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். துரை என்னை மட்டும் ஆபீசுக்கு அழைத்தார். நவம்பர் 11, சண்டை முடிந்த நாள், ஸ்கூடாய் டவுனில் துரைமார் கிளப்பில் கொடியேற்றமாம். சண்டைக்குப் போனவர்கள் மெடல் குத்திக்கொண்டு வர வேண்டுமாம். இந்தத் தோட்டத்தில் பஸ்ரா போய் வந்தவன் நான் ஒருவன்தான். சலாம் வைத்துவிட்டு வந்தேன்.

மெடல் இங்கே ஏது? கடலுக்கு அந்தப் பக்கம், தஞ்சாவூரில், நான் இன்னும் முகம் பார்க்காத என் மகள் கழுத்தில்.

செல்லம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு கிளம்பியபோது நான்தான் கொடுத்தேன். நல்ல வெள்ளி, ராசா தலை போட்டது, பிள்ளைக்குக் கட்டினால் பயம் அண்டாது என்று. பின்பக்கம் குதிரைமேல் துணியில்லாத ஆள். அதைப் பார்த்து என்ன சிரிப்பு சிரித்தாள்! அந்தப் பக்கம் உள்ளே இருக்கும்படி கட்டுகிறேன் என்றாள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

செப். 4, வெள்ளி

செ.க்குக் கடிதம். மூன்று தாள் கிழித்தாயிற்று. "நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை" என்று எழுதியதும் அதில் போயிற்று. அவளுக்குப் படிக்கத் தெரியாது. மாமனார்தான் படிப்பார், அதுவும் வாசலில் நாலு பேர் கூடியிருக்க, உரக்க. இது அவர் வாயில் வருவதா? மானம் போகும்.

கடைசியில் எழுதியது: நலம். நலமறிய ஆவல். மெடல் அவசரமாகத் தேவை, உடனே அனுப்பவும்.

இதையே சாக்காக வைத்துக் கையோடு கொண்டுவர மாட்டாளா என்று ஒரு ஆசை.

செப். 20, ஞாயிறு

ஸ்கூடாயில் காதர் பாய் கடை. மண்ணெண்ணெய், சோப், புகையிலை, தொட்டில் கயிறு. இரண்டு வயசுப் பிள்ளைக்குத் தொட்டில் எதற்கு என்று பாய் கேட்டார். வாங்கிவிட்டேன்.

அக். 18, ஞாயிறு

புது ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். வேலை இருப்பதுபோல் அங்கேயே நின்றேன். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். கிட்டே போய்ப் பார்த்தேன். அவள் இல்லை. மறுபடி சுரம்போல இருக்கிறது. கொய்னா மாத்திரை போட்டேன்.

நவ. 7, சனி

பாய் கடைக்குப் பார்சல் வந்திருந்தது. துணியில் தைத்தது, உள்ளங்கை அளவு. கையில் வாங்கியதும் தெரிந்துவிட்டது, அவள் வரவில்லை.

மெடல், அறுந்த கறுப்புக் கயிற்றோடு. மாமனார் கடிதம்: கேட்டபடி அனுப்பியிருக்கிறோம். குழந்தை கழற்ற விடவில்லை, தூங்கும்போது அறுத்தோம். கீழே, செல்லம் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: "மெடல கேட்டாங்க, குடுத்துட்டேன். என்னைக் கேட்டிருந்தா நானும் வந்திருப்பேன்."

பாயிடம் காட்டினேன். அவர்களாகவே கொண்டுவந்து விடுவார்கள் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன் என்றேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"புள்ள பெத்தவள புருஷன் வூட்லதான வந்து கூப்பிடணும்? ஒங்களுக்கு அப்பா அம்மா இல்ல, சரி. நீங்க ஒரு வார்த்த எழுதுனீங்களா லா?"

எழுதவில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு கடிதத்திலும் "வா" என்று எழுதவில்லை. முட்டாள்.

நவ. 11, புதன்

வெயில். காக்கிச் சட்டை இடுப்பில் இறுக்கம். கிளப் வாசலில் துரைமார் வரிசை, ஓரத்தில் நான். செத்தவர்களுக்காக இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றோம். என்னோடு பஸ்ராவில் இருந்தவர்களை நினைக்கத்தான் பார்த்தேன். தூங்கி எழுந்து கழுத்தைத் தடவி அழும் பிள்ளைதான் வந்தாள். துரை கை கொடுத்தார். யாரோ தட்டில் கேக் நீட்டினார்கள்.

நேரே பாய் கடை. சட்டையை மாற்றவில்லை. தாள் வாங்கி, அரிசி மூட்டைமேல் வைத்தே எழுதினேன். நலம் விசாரிப்பு இல்லை, ஒன்றும் இல்லை.

செல்லம், நீ இல்லாமல் என்னால் இங்கே இருக்க முடியவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த கப்பலில் வா.

மூன்று மணித் தபாலில் போய்விட்டது.