ஏலகிரியில் மூக்கு அடைத்த கதை

ஆம்பூர்
13-6-58, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பங்கஜத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே சுகம் என்று எடுத்துக்கொள். அங்கே அந்தக் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இன்று தோல் ஷாப்புக்கு லீவு, அப்பா படுத்துத் தூங்குகிறார், அதனால்தான் எனக்கு உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. ஷில்லாங்கிலிருந்து நீ பங்குனியில் அனுப்பிய ஆஸ்பத்திரித் தாள் வந்ததா இல்லையா என்று கேட்டு மூன்று கார்டு போட்டுவிட்டாய். வந்தது. அதில் பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டு ஆடி பிறப்பதற்குள் திருப்பி அனுப்பினால்தான் இன்னும் மூன்று வருஷம் உன்னை நர்ஸ் வேலையில் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் ஆவணியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று எழுதியிருந்தாய். எல்லாம் தெரிந்துதான் பதில் போடாமல் இருந்தேன். மறதி இல்லை, மனசு வரவில்லை. ஏன் வரவில்லை, இப்போது எப்படி வந்தது என்று எழுதத்தான் நோட்டுப் புத்தகத்தில் நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. பாலாறு மணலாகக் கிடக்கிறது. ஊற்றுத் தோண்டி இரண்டு குடம் சுமந்து வருவதற்குள் முழங்கால் என்னைக் கேட்காமலே மடங்குகிறது. அப்பாவுக்கு ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று காலில் வெடிப்பு ஜாஸ்தியாகிவிட்டது, நீ கொடுத்த மருந்து தீர்ந்துபோய் இப்போது வேப்பெண்ணெய்தான் தடவுகிறோம். வள்ளியம்மாள் அத்தை மாதம் ஒரு தடவை வந்து, குடியாத்தத்தில் பள்ளிக்கூட வாத்தியார் மாப்பிள்ளை ஒருவன் இருக்கிறான், பெண்ணை எப்போது வரவழைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு காபி குடித்துவிட்டுப் போகிறாள். நான் வாயே திறப்பதில்லை. ஆனால் பொய் சொல்லக் கூடாது, நீ வந்துவிட்டால் தேவலை என்று எனக்கும் இருந்தது. காலையில் நான் எழுந்திருக்கும் முன்னால் யாராவது ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் அழுதே விடுவேன் போல, அவ்வளவு அசதி. அந்த அசதியில்தான் உன் தாளையும் போட்டு வைத்திருந்தோம் என்று எழுதினால் பாதிதான் உண்மை.

மீதிப் பாதி பொங்கல் விஷயம். அதை எழுதாமல் மேலே போக முடியாது. இரண்டரை வருஷம் கழித்து முதல் லீவில் வந்தாய். ரயிலை விட்டு இறங்கும்போதே கைக்குட்டை மூக்கில் இருந்தது, கரிப்புகைக்காக என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தும் நீ எடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அப்பா ஷாப்பிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு, மகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசையாக உன் பக்கத்தில் மணையைப் போட்டார். நீ ஒரு வாய் சோறு எடுத்தாய், எழுந்து கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாய், திரும்பி வந்து ரயில் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். அப்பா அன்றிலிருந்து நீ போகிற வரைக்கும் பசியில்லை, அப்புறம் சாப்பிடுகிறேன் என்று கொல்லைப் பக்கமே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரம் ஏறியது. ஏனென்றால் எனக்குத் தோல் ஷாப்பு நாற்றம் எதுவும் தெரியவில்லை பங்கஜம். சத்தியமாகத் தெரியவில்லை. மாதனூரிலிருந்து கல்யாணமாகி வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் தெரிந்திருக்குமோ என்னவோ, அது ஞாபகத்திலேயே இல்லை. இல்லாத நாற்றத்துக்கு மூக்கை மூடுகிறாளே, மலைக்காற்று பட்டதும் பெற்றவர்கள் மட்டமாகிவிட்டோமா, வேஷம் போடுகிறாள் என்றுதான் நினைத்தேன். பத்து நாள் லீவில் ஆறாம் நாளே கிளம்பினாய், லீவைக் குறைத்துவிட்டார்கள் என்றாய். உன் லீவுத் தாளை நான் பார்த்திருந்தேன், அதனால் அதுவும் பொய் என்று தெரியும். ஸ்டேஷனில் வைத்து, "எங்களப் புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போ, மூக்க மூடிக்கினு நிக்காத" என்றேன். நீ கைக்குட்டையை ஸ்டேஷன் பெஞ்சியிலேயே போட்டுவிட்டு ரயில் ஏறினாய்.

அதற்கு முன்னால் நீ எழுதும் கடிதம் நாலு பக்கம் இருக்கும். போன புதிதில் குளிர் தாங்காமல் அழுதது, அந்த மலையாளப் பெண் அன்னம்மா தன் கம்பளியைக் கொடுத்தது, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நாலைந்து பேர் கூட்டாக அருவி பார்க்கப் போய் மரக்காட்டில் வழி தவறியது, ஒரு கூடைக்காரி உங்களைக் கூட்டிவந்து விட்டு ஆளுக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தது, எல்லாம் எழுதுவாய். அப்பா என்னை இரண்டு தடவை படிக்கச் சொல்லுவார். பொங்கலுக்குப் பிறகு உன் கடிதம் நாலு வரியாகிவிட்டது. அப்பாவும் தபால் வந்ததா என்று கேட்பதை நிறுத்திவிட்டார். தாள் வந்ததும் அவர் கையில் கொடுத்தேன். "இன்னா அவசரம், வெய்" என்று வாங்கித் தன் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது கமலத்தைப் பற்றி எழுத வேண்டும், உனக்கு அவளைத் தெரியாது. ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காக மாற்றலாகி வந்தவரின் மனைவி, திருவாரூர்ப் பக்கத்துக்காரி, மாசியில் எதிர்வீட்டுக்குக் குடிவந்தாள். வந்த முதல் மாதம் சோறு இறங்கவில்லை என்று எந்நேரமும் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டு ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாள். இவளும் ஒரு வேஷக்காரி என்று நானும் பக்கத்து வீட்டு மஹ்பூபியும் பேசிக்கொண்டோம். போகப்போக நல்ல பெண் என்று தெரிந்தது. வந்த ஊரில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் ஊர் நம்முடையதாகாது, நாலு இடம் போய்ப் பார்த்தால்தான் ஆகும் என்பாள். நீங்கள் பிறந்து வளர்ந்த சீமையில் என்ன இருக்கிறது, எனக்குக் காட்டுங்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டாள். காட்டுவதற்கு நாங்கள் எதைப் பார்த்திருக்கிறோம்? முதலில் விரிஞ்சிபுரம் கோயிலுக்கு ஒரு காலைப் போய் மத்தியானம் திரும்பினோம், மஹ்பூபி கோயிலுக்கு வெளியே மர நிழலில் பூக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். அடுத்து ஏலகிரி என்றாள் கமலம். என் முழங்காலைக் காட்டினேன், விடவில்லை. அப்பாவிடம் சொன்னால் வேண்டாம் என்பார் என்று பார்த்தேன், அவர் போய்விட்டு வாயேன், எந்நேரமும் பேஜாராக உட்கார்ந்திருக்கிறாய் என்றார். கமலத்தின் வீட்டுக்காரரும் துணைக்கு வந்தார். பலாப்பழம் ரயிலில் ஏற்ற வரும் மலைக்காரர் ஒருவர் அவருக்குப் பழக்கம், அவர் வீட்டில் ஒரு நாள் தங்க ஏற்பாடு.

ஜோலார்பேட்டையில் இறங்கிப் போய் அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். மஹ்பூபி புர்காவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினாள், ஐம்பது வயதில் அவளுக்கு அந்தக் கால் எங்கிருந்து வந்ததோ. நான் பத்தடிக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன். பாதி தூரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது, தலைமுதல் கால்வரை நனைந்துபோய் மேலே சேர்ந்தோம். மலைக்காரர் மனைவி வெந்நீர் போட்டுக் குளிக்கச் சொல்லி, எங்கள் துணியை அலசிப் போட்டுவிட்டுத் தன் புடவைகளைக் கட்டிக்கொள்ளக் கொடுத்தாள். விடிந்து எழுந்ததும் எனக்கு என்னவோ போல இருந்தது. மூச்சு நன்றாக வருகிறது, ஆனால் மூக்குக்குள் ஒன்றுமே இல்லை. மஹ்பூபியும் எழுந்து உட்கார்ந்து மூக்கைத் தேய்த்துக்கொண்டு, "ராஜம்மா, மழைல நனைஞ்சது, எனக்கு மூக்கு அடைச்சிக்கிச்சி" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றேன். ஊரில் போய்ப் படுத்துக்கொண்டால் யார் பார்ப்பது என்ற பயத்தில், மலைக்காரர் மனைவியிடம் நொச்சி இலை கேட்டு வாங்கிக் கொதிக்க வைத்து, இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் தலையை விட்டு ஆவி பிடித்தோம். நொச்சி வாசனை நெஞ்சுவரைக்கும் போனது. கம்பளியை எடுத்தால் மறுபடி ஒன்றுமில்லை. மஹ்பூபி இன்னொரு சட்டி போடலாம் என்றாள். கமலம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள், நிற்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அக்கா, உங்க மூக்குக்கு ஒண்ணும் ஆகல. இங்க தோல் ஷாப்பு இல்ல, அவ்வளவுதான்" என்றாள். எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இத்தனை வருஷமாக மூக்கில் குடியிருந்த நாற்றம் விலகியதைத்தான் மூக்கடைப்பு என்று நினைத்திருக்கிறோம். புரிந்ததும் நாங்களும் சிரித்தோம். சத்தம் போட்டு நான் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியாது. பிறகு பலாச்சுளை தின்றுகொண்டு அந்த மலையெல்லாம் சுற்றினோம், நீ எழுதுவாயே அது போல, வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டு, இது என்ன செடி, அது என்ன ஓடை என்று கேட்டுக்கொண்டு. பங்கஜம் இப்படித்தான் போவாள் என்று நினைத்துக்கொண்டேன். முழங்கால் வலி அப்போது இல்லை.

திரும்பும்போது ரயில் வாணியம்பாடியில் நின்றது. ஜன்னல் வழியாக ஒரு நாற்றம் வந்தது பாரு, எலி செத்துக் கிடக்கிறதா என்று மஹ்பூபியைக் கேட்டேன். அவளும் பெஞ்சிக்கு அடியில் குனிந்து தேடினாள், அந்த ஊரிலும் தோல் ஷாப்பு உண்டு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கமலம் இந்தத் தடவை சிரிக்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்பூர் வந்தது. இறங்கினோம். நம் தெருவுக்குள் நுழைந்தபோது என் கை தன்னால் புடவைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்தது. என் வீட்டு வாசலில், நான் மெழுகிக் கோலம் போடுகிற வாசலில், மூக்கை மூடிக்கொண்டு நின்றேன். அந்த ஸ்டேஷன் பெஞ்சி ஞாபகம் வந்தது. உள்ளே போய் உன் துணி வைக்கும் மூலையில் உட்கார்ந்து அழுதேன் பங்கஜம். நீ வேஷம் போடவில்லை. சொன்னால் எங்களுக்கு வலிக்கும் என்று ரயில் மேல் பழி போட்டாய், லீவு மேல் பழி போட்டாய். நான்தான் பெற்ற பெண்ணை ஊர் பார்க்க அவமானப்படுத்தி அனுப்பினேன். தப்பு என் மேல். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். நொச்சி ஆவி வரைக்கும் சிரித்துக்கொண்டு கேட்டார். வாணியம்பாடிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எம்மேலயும் வருதா?" என்று கேட்டார். வருகிறது என்றேன். ஜாஸ்தியா என்றார். ஜாஸ்திதான் என்றேன். அவர் முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்வது, பொய்யா? கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர், "பாவம், ஆறு நாளு எப்பிடிதான் தாங்கிச்சோ புள்ள" என்றார். எழுந்து போய் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிக்கொண்டு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து உன் தாளை எடுத்தார். பழைய நோட்டில் பத்துத் தடவை கையெழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தாளில் போட்டார். கீழே நானும் போட்டிருக்கிறேன். இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தது நான்தான். சேர்த்துவிட்டால் இன்னும் மூன்று வருஷம் நீ இல்லை, அதனால் நாளை நாளை என்று தள்ளினேன். என் மூக்கும் வந்த மூன்றாம் நாளே பழையபடி ஆகிவிட்டது, இப்போது எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. இன்னும் தள்ளினால் நீ மூக்கை மூடியது மறுபடி வேஷம் என்று தோன்றிவிடுமோ என்று பயந்துதான் இன்று எழுதிவிட்டேன்.

அதனால் நீ அங்கேயே இரு. அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். தண்ணீருக்கு மஹ்பூபி வீட்டு மருமகள் எனக்கும் சேர்த்து ஒரு குடம் எடுத்து வருகிறாள், சமாளித்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு போவதை நிறுத்தாதே, ஆனால் அருவிப் பாறையில் பாசி இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு நட. நனைந்த தலையோடு தூங்காதே. கம்பளி கொடுத்த அன்னம்மாவுக்கு என் ஆசீர்வாதம் சொல்லு. மறுபடியும் நாலு பக்கம் எழுது, அப்பா நேற்று தபால்காரரைத் தானே நிறுத்திக் கேட்டார். ஷில்லாங்குக்கு எத்தனை நாள் ரயில், ஒரு வாரம் குழியில் இறங்காமல் இருந்தால் இந்த வாசனை போகுமா என்று என்னைக் கேட்டார். அதை உன்னைக் கேட்டு எழுதச் சொன்னார், நீ படித்தவள், தெரிந்தால் எழுது.

நீ எந்த ஊரில் இருந்தாலும் நல்லவர்கள் நடுவில், நோய் நொடி இல்லாமல், சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம். தாள் கிடைத்ததும் ஒரு கார்டு போடு, மறக்காதே. அன்றைக்கு நீ பெஞ்சியில் போட்டுவிட்டுப் போன கைக்குட்டையைத் துவைத்து வைத்திருந்தேன், அதற்குள் மடித்துத்தான் தாளை அனுப்புகிறேன். இரண்டு மாதம் அப்பா துணியோடு பெட்டியில் இருந்த தாள் அது, எனக்குத் தெரியாவிட்டாலும் வாசனை அடிக்கும். இந்தக் கடிதமும் அடிக்கும். மூக்கை மூடிக்கொண்டே படி கண்ணு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன் அம்மா
ராஜம்மாள்