இடப்பக்கம் இழுத்த வண்டி

வல்லத்திராக்கோட்டை,
தை 14.

அன்பு மகள் பிரகதீஸ்வரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் ஐயனார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரன் ரகுநாத்தும் அந்தக் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். சில விஷயங்களைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, உன் முகத்தைப் பார்த்ததும் மழை, மாடு என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதனால் அம்மா அனுப்பும் வடகப் பார்சலுக்குள் இதை வைக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. கீழ வயல் அறுப்பு முடிந்தது, விளைச்சல் குறை சொல்ல முடியாது.

நம் பிக்கப் வண்டிக்குப் பதினாலு வயதாகிறது. பழைய வண்டி என்பதால் வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும், ரோட்டில் ஓட லாயக்குத்தான் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நம் பக்கம் எஃப்.சி. என்றால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியாததா. கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் சரி செய்வோம். நானும் துருப்பிடித்த இடத்தில் தகரம் வைத்து ஒட்டி, பெயிண்ட் அடித்து, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அரிமளத்தில் வாடகை வண்டி ஓட்டுகிற சந்தோஷ்குமாரிடம் நல்ல டயர் இரண்டு இரவல் வாங்கி மாட்டி, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புதுமாப்பிள்ளை மாதிரி ஓட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். ஒரு ஹெட்லைட் ஆகாயத்தைப் பார்க்கிறது, ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை, புகை அதிகம் என்று வரிசையாக எழுதினார். பழைய வண்டிகள் எல்லாமே தோற்கிற இடங்கள்தான் இவை, ஒரு வாரத்தில் சரி செய்துவிடலாம் என்று நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு அவர், ஐயா நீங்க எறங்குங்க, நான் ஒருதரம் ஓட்டிப் பாக்குறேன் என்றார். என் வண்டியை நான் வெளியாள் யார் கையிலும் கொடுத்ததில்லை என்பது ஊருக்கே தெரியும், ஆனால் கவர்மென்ட் கேட்டால் என்ன செய்வது, இறங்கிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போய் பிரேக்கைப் பிடித்தார், வண்டி சரட்டென்று இடப்பக்கம் திரும்பிச் சுவரோரம் போய் நின்றது. எத்தன வருஷமா இப்படி இழுக்குதுங்க ஐயா என்று கேட்டார். என் வண்டி நேராத்தான் போகும் மேடம், ஒங்களுக்குக் கைப்பழக்கம் இல்ல என்று வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னை ஏறச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஸ்டியரிங்க லேசாத் தொட்டுக்கிட்டு மட்டும் பிரேக்கப் பிடிங்க என்றார். பிடித்தேன். அதே சுவரோரம் போய் நின்றேன்.

மறுநாள் மெக்கானிக் ஆத்மநாதன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, அண்ணே, இடது முன்சக்கரத்துப் பக்கம் ஆக்சிலு ரெண்டு விரக்கட பின்னாடி தள்ளியிருக்கு, எப்ப இடிச்சீங்க என்றான். எப்போது இடித்தேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நீ நர்சிங் முடித்து வந்தாயே, அதற்கு முந்தின மாதம் நெல் மூட்டையோடு வரும்போது பாலத்துக் கல்லில் இடித்தேன், கௌரவக் குறைச்சலாக இருக்குமென்று உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து வண்டி இடப்பக்கம் இழுத்திருக்கிறது, என் கை தானாக வலப்பக்கம் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது, ஒன்பது வருடமாக எனக்கே தெரியாமல். என் தோள்பட்டை வலிக்கு உன் அம்மா எத்தனை பாட்டில் எண்ணெய் தேய்த்திருப்பாள், அது வாதமும் இல்லை ஒன்றும் இல்லை.

ஆத்மநாதன் சொல்லி முடிக்கும்போதே எனக்குக் கண்மாய்க்கரை ரோடு ஞாபகம் வந்துவிட்டது. நர்சிங் முடித்து வந்த கையோடு நீ அங்கேதான் வண்டி பழகினாய், ஆடு குறுக்கே வந்ததென்று பிரேக் பிடித்தாய், வண்டி இடப்பக்கம் வாய்க்காலில் இறங்கியது. நடவு ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால், ஒனக்கெல்லாம் வண்டி வராது, எறங்கு என்று கத்தினேன். வண்டி தானாப் போச்சுப்பா என்று நீ அழுதுகொண்டே சொன்னாய், பொய் வேறு சொல்கிறாயா என்று கேட்டேன். அதற்குப் பிறகு நீ ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. நீ சொன்னது நிஜம், ஆத்தா. பிரேக் பிடித்த நீ சரியாகத்தான் பிடித்தாய். வண்டியும் கோணல், அதை மறைத்த நானும் கோணல். அப்பாவை மன்னித்துவிடு.

போன மாதம் அம்மாவிடம் நீ சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் நர்ஸ் வேலை, சம்பளமும் மரியாதையும் அதிகம், ஆனால் சித்திரைக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும், எனக்குத்தான் வண்டி வராதேம்மா என்றாய். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பனியில் பஸ்ஸுக்கு நிற்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் குளிர் நாட்டுக்குப் போனால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சோற்றில் கை வைத்தால் அந்த வாய்க்கால்தான் ஞாபகம் வருகிறது. நாள் இன்னும் இருக்கிறது, நாளைக்கே போய் டிரைவிங் வகுப்பில் பேர் கொடு. சொல்லிக்கொடுக்கிறவர் கத்தினால் வேறு ஆளைப் பார்.

ஆக்சிலை நேராக்கி, லைட், ஹேண்ட் பிரேக், புகை எல்லாம் பார்த்து, இரவல் டயரைத் திருப்பிக் கொடுத்துப் புது டயரே போட்டாயிற்று. இனி என்ன என்று ஓட்டினால், வண்டி நேராக இருக்கிறது, என் கை பழைய ஞாபகத்தில் வலப்பக்கம் இழுக்கிறது. முதல் நாளே எதிர்வீட்டு வேலியில் ஏற்றிவிட்டேன். உன் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அறுபத்திரண்டு வயதில் தினமும் காலையில் கண்மாய்க்கரையில் திரும்ப ஓட்டிப் பழகுகிறேன், அறுப்பு ஆட்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், பார்க்கட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி எஃப்.சி.

வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று அந்த இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள். வடகத்தைப் பிரித்ததும் ஒரு வெயில் காட்டு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். அடுத்த தடவை வரும்போது திருச்சி ஏர்போர்ட்டுக்கு நம் வண்டியோடு வந்து நிற்பேன், வீடு வரைக்கும் நீதான் ஓட்ட வேண்டும். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வருவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
குணசேகரன்.