சாதத்திற்குப் பிறகு

காரிமங்கலம் வழி,
வெகுதானிய வருஷம், ஆவணி 8.

சிரஞ்சீவி மாதேஸுக்குத் தகப்பன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் சுகம். உன் ஆத்தா சுகமில்லை. பம்பாயில் நீ சுகமா என்று கேட்பது வழக்கம். கேட்கவில்லை. உன் கையெழுத்தே கொழுத்துப்போய் வருகிறது.

ஆடி பிறந்ததும் உன் பார்சல் வந்தது. ஒரு புட்டி, அறுபது மாத்திரை. புட்டிமேல் இருந்த இங்கிலீஷை நீயே தமிழாக்கித் துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தாய். நரம்புவலிக்கு, தினம் இரண்டு, சாதத்திற்குப் பிறகு. நல்ல தமிழ். நான்தான் உரக்க வாசித்தேன். ஊருக்கே கடுதாசி வாசிக்கிறவன் அல்லவா. சாதம் என்றால் என்ன என்று உன் ஆத்தா கேட்டாள். நெல்லுச்சோறு என்றேன். சொன்ன பொருளில் பிசகில்லை. புத்தியில்தான் பிசகு.

இந்த வீட்டில் நெல்லுச்சோறு எத்தனை நாள் வேகும் என்பது உனக்குத் தெரியும். தெரிந்திருந்தது என்று எழுதவேண்டும். காலையில் கூழும் ராத்திரியில் களியுமாக இருபது வருஷம் வளர்ந்த உடம்பு உன்னுடையது. மெஸ்ஸில் ஐந்து வருஷம் உட்கார்ந்து எழுந்தாய், உலகத்தார் தின்பதெல்லாம் சாதமாகிவிட்டது. இங்கே ஆடி அமாவாசைக்குச் சோறு. பதினெட்டுக்குச் சோறு. மாரியம்மன் பண்டிகைக்குச் சோறு. உன் அத்தை வந்த அன்று சோறு. ஐந்து வாரத்தில் நாலு நாள், நாளைக்கு ஒரு வேளை, நாலே மாத்திரை. மற்ற நாளெல்லாம் இடுப்பிலிருந்து குதிகால் வரை காய்ச்சின கம்பியை இழுத்தாற்போல் வலி. சுவரைப் பிடித்துக்கொண்டே களி கிண்டினாள். புட்டி மாடத்தில் இருந்தது. நானும் அதைத் தினம் பார்த்தேன். பம்பாய் மருந்தும் இவ்வளவுதான் என்று சந்தையில் நாலு பேரிடம் ஏளனமாகச் சொல்லவும் செய்தேன்.

இது வெளியே வந்தது உன் மாமன் முனியப்பனால். அவன் புத்தியால் அல்ல. அது அவனிடம் கிடையாது. கள்ளுக்கடை மூடி வருஷமாகப் போகிறது, கரட்டுக் குன்றுப்பக்கம் யாரோ சாராயம் காய்ச்சுவது மட்டும் அவன் மூக்குக்கு எட்டிவிடும். போன வாரம் தோள்வலி என்று வந்தவன், அக்கா புட்டியில் மூன்று மாத்திரையை எடுத்துச் சாராயத்தோடு விழுங்கியிருக்கிறான். தண்ணியில போட்டா வயித்தோட நின்னுக்கும், இதுல போட்டாத்தான் மாமா நரம்புக்குள்ள பாயும் என்று எனக்கே பாடம் சொன்னான். பாய்ந்தது. அரை மணியில் வரப்பில் கட்டைபோல் கிடந்தான். வாயில் நுரை. வண்டியில் போட்டுக்கொண்டு காரிமங்கலம் ஓடினேன். சந்தைக்கு எதிரில் பலகை போட்டிருக்கும் டாக்டர் சவுரியப்பன்தான் பிழைக்கவைத்தார். இது நரம்பை அடக்குற மருந்துங்க, குடியோட சேந்தா மூச்சையே அடக்கிப்போடும் என்றார். கண் விழித்ததும் உன் மாமன் கேட்ட முதல் கேள்வி, மிச்சம் இருந்த சாராயக் குப்பி எங்கே.

டாக்டர் புட்டியைக் கொட்டி எண்ணினார். ஐம்பத்து மூன்று. ஒரு மாதத்தில் தீரவேண்டிய மருந்து ஏனுங்க அப்படியே இருக்குது என்றார். உன் காகிதத்தைக் காட்டி, எங்கள் வீட்டில் சோறு நாலு நாள்தான் பொங்கியது என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். வெறும் வயித்துல போடக்கூடாது, அவ்வளவுதானுங்க, களி தின்னாலும் போதும், கூழு குடிச்சாலும் போதும் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம், எழுதின படிப்பு பெரிய மடமையா, வாசித்த படிப்பு பெரிய மடமையா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். உனக்கு முதலிடம் கொடுத்தேன். அதிகம் படித்தவன் நீ.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். பையன் தப்பாக எழுதிவிட்டான், களிக்குப் பிறகே போடலாம் என்று. அவள் ஒப்பவில்லை. நாம களி திங்கறவங்கன்னு அவனுக்குத் தெரியாதா, தெரிஞ்சுதாங்க எழுதியிருக்கான், பெத்தவ நாலு நாளாச்சும் சோறு திங்கட்டும்னு எழுதியிருக்கான் என்றாள். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாளிடமும் ஐந்து வாரமாக இதையே சொல்லி வந்திருக்கிறாள். எம்மவன் எனக்குச் சோறு போடச் சொல்லிக் காயிதம் போட்டிருக்கான் என்று. அவன் மறந்துவிட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். நீட்டின காலைக் கையால் தூக்கி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. சாராயம் கூடாது என்று டாக்டர் சொன்னதாக மட்டும் சொன்னேன். அவள் வாழ்நாளில் அதைத் தொட்டதில்லை.

அவன் கையால எழுதட்டும், அப்புறம் களி தின்னுட்டு முழுங்கறேன் என்கிறாள். டாக்டர் பேச்சு எடுபடவில்லை. என் பேச்சு எப்போதும் எடுபட்டதில்லை. ஆகவே மூன்று நாளாக வேளைக்கு ஒரு பிடி நெல்லரிசி வேகவைத்து அவளுக்கு மட்டும் போடுகிறேன். நான் பொங்கும் சோறு உனக்குத் தெரியும். பசைபோல் இருக்கிறது. மகன் சொன்ன சோறு என்று தின்கிறாள், மாத்திரையும் உள்ளே போகிறது. நேற்றுச் சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை வந்தாள். அரிசி இன்னும் பத்து நாளைக்கு வரும். அதற்குமேல் இல்லை.

மருந்து வாங்கி அனுப்பியவன் நீ என்பதை மறுக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். மாமன் ரத்தம் உனக்கும் பாதி, குப்பியிலிருந்து விலகி இரு. சகல நன்மையும் உண்டாகட்டும்.

இதைக் கண்டதும் ஒரு கார்டு போடு. அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டும். மன்னிப்பு வேண்டாம், விளக்கம் வேண்டாம். ஆத்தா, இனிமேல் களிக்குப் பிறகு மாத்திரை போடு என்று ஒரே வரி. அந்தச் சொல்லை எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். க, ளி. இரண்டே எழுத்து.

உன் தகப்பன்,
தீர்த்தகிரி