பால் சீசாவில் கொண்டுபோனது

28-8-78, திங்கள்.

இன்று எனக்கு உயிர் போய் வந்தது. என் முடக்குவாதத்துக்கு மாதம் ஒரு தங்க ஊசி, அதாவது தங்க உப்பு சேர்ந்த மருந்து, போடுகிறார்கள். அதற்கு முன் நர்சம்மா மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடு காட்டுவார். தெளிவாக இருந்தால்தான் ஊசி. வெள்ளையாகத் திரண்டால் கிட்னிக்கு ஆகவில்லை என்று ஊசியை நிறுத்திவிடுவார்கள். இன்று திரண்டுவிட்டது.

இந்த ஊசி போட ஆரம்பிக்கும் முன் என் ரவிக்கைக் கொக்கியைக்கூட என் வீட்டுக்காரர்தான் மாட்டிவிடுவார். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. மறுபடி விரல் மடங்கிப்போனால் யார் மாட்டுவார்கள்?

நர்சம்மா நான் மூத்திரம் கொண்டுபோன சீசாவை மோந்து பார்த்தார்.

"இதுல முன்னாடி இன்னாம்மா இருந்துச்சு?"

"பால்தாம்மா. கழுவிட்டுத்தான் கொண்ணாந்தேன்."

"நல்லாக் கழுவுன போ! இவ்ளோ நேரம் பாலைக் காய்ச்சிக்கினு இருந்தேனா நானு? டீத்தூள் ஒண்ணுதான் பாக்கி."

அவர் இருந்தவரை சீசாவை அவரே வெந்நீரில் அலசிக் கொடுப்பார். அப்படி அலச வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி சீசாவில் மறுபடி பிடித்துக் கொடுத்தேன். தெளிவாக இருந்தது. ஊசி போட்டார்கள். வாலாஜாபாத் தாண்டும்வரை பஸ்சில் தனியாகச் சிரித்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவரிடம் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதனால்தான் இதில் எழுதுகிறேன்.